ஐப்பசி மாதத்துச் சமையல்

‘ஆனி 31, திங்கள். ஒன்பதாம் பக்கம், இடது கீழ் மூலை. கோரிக்கை கொடுக்கக் கடைசி நாள் ஆடி 10, வெள்ளி.’ என் நோட்டில் இப்படி எழுதி, அதற்குக் கீழே அந்த விளம்பரத்தைக் கத்தரித்து ஒட்டியிருக்கிறேன். பத்திரிகையில் ஆங்கிலத் தேதிதான் இருந்தது. தமிழ்த் தேதிக்கு மாற்றி எழுதுவது என் பழக்கம். பசை கூடிப்போனதில் கடைசி வரி சுருங்கிவிட்டது, ஆனாலும் படிக்க முடிகிறது.

விளம்பரம் குற்றாலத்தில் ஐந்தருவி போகும் வழியிலுள்ள ஒரு லாட்ஜைப் பற்றியது. லாட்ஜ் என்று நாம் சொல்கிறோமே தவிர, பத்திரப்படி அது ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி. முதலாளியும் அவர் மனைவியும் இயக்குநர்கள். புதுக் கட்டடம் கட்ட வாங்கிய வங்கிக் கடன் திரும்பவில்லை. வங்கி தீர்ப்பாயத்துக்குப் போனது. கம்பெனி நொடித்துவிட்டது என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டு, ஆனி 28 அன்று நிர்வாகத்தை முதலாளியின் கையிலிருந்து எடுத்து ஒரு தீர்வு நிபுணரிடம் கொடுத்தது. கம்பெனியிடமிருந்து பாக்கி வரவேண்டியவர்கள் எல்லாரும் அன்றிலிருந்து பதினான்கு நாளுக்குள் அவரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். விளம்பரத்தின் சாரம் அவ்வளவுதான்.

நான் அங்கே போனது படிப்புக்காக. தென்காசியில் இருபத்தாறு வருடமாக வரி ஆலோசகராக இருக்கிறேன். ஐம்பத்து மூன்றாவது வயதில், நொடித்த நிறுவனங்களைச் சீரமைப்பது பற்றிய முதுநிலைப் பட்டயப் படிப்பில் சேர்ந்தேன். சனி, ஞாயிறுகளில் கணினியில் வகுப்பு. கூடப் படித்தவர்களில் பாதிப்பேர் என் மகனைவிடச் சின்னவர்கள். ஏன் சேர்ந்தாய் என்று கேட்டவர்களிடம் வெவ்வேறு பதில் சொல்லியிருக்கிறேன். உண்மையான காரணம் இது: கம்பெனிகளைத் தொடங்க எத்தனையோ பேருக்குக் காகிதம் தயார் செய்து கொடுத்திருக்கிறேன், முடியும்போது என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. சரித்திரப் புத்தகங்களில் பெரிய அரசுகள் விழுந்ததற்குக்கூட ஒரு தேதி கிடைத்துவிடுகிறது. ஒரு லாட்ஜ் எந்த நாளில் நொடித்தது என்று கேட்டால் யாராலும் சொல்ல முடிவதில்லை. இந்தச் சட்டத்தில் அதற்கு ஒரு தேதி உண்டு என்பதே எனக்கு முதலில் பிடித்துப்போனது.

படிப்பின் கடைசிப் பகுதி செய்முறைப் பயிற்சி. உண்மையான ஒரு வழக்கில், ஒரு தீர்வு நிபுணருக்குக் கீழே இருந்து வேலை பார்த்து அறிக்கை எழுத வேண்டும். எனக்கு வாய்த்தவர் மதுரைக்காரப் பெண்மணி, முப்பத்தைந்து வயதிருக்கும். அவர் என்னை ‘சார்’ என்பார், நான் அவரை ‘மேடம்’ என்பேன். வேலையாட்களின் பாக்கிகளைச் சரிபார்க்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். “நீங்க உள்ளூர்க்காரர், உங்ககிட்ட பேசுவாங்க” என்றார்.

பேசினார்கள். எழுதித்தான் கொடுக்கவில்லை.

லாட்ஜில் சமையல்கட்டு, அறை, வாசல் எல்லாம் சேர்த்து ஏழு பேர் வேலை பார்த்தார்கள். சமையல் பொறுப்பு ஆய்க்குடியிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் ஒரு பெண்ணுடையது. எல்லாரும் அவரை அக்கா என்பார்கள். என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாகத்தான் இருக்கும், ஆனாலும் நானும் அப்படியே கூப்பிட்டேன். மற்ற ஆறு பேரும் அக்கா முகத்தைப் பார்த்து நடப்பவர்கள். அக்கா எழுதினால் எழுதுவார்கள்.

சாரல் நன்றாகப் பிடித்த வாரம் அது. அறைகள் நிரம்பியிருந்தன, அடுப்பு ஓயவில்லை. நான் படிவத்தை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனபோது அக்கா சால்னாவுக்கு மசாலா வதக்கிக்கொண்டிருந்தார்.

“இது என்னத்துக்கு அண்ணாச்சி?”

“உங்களுக்கு வரவேண்டிய பழைய சம்பளப் பாக்கியை இதுல எழுதிக் குடுக்கணும்க்கா.”

“யார்ட்ட?”

“மேடத்துகிட்ட.”

“யாரு மேல?”

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. “கம்பெனி மேல” என்றேன்.

“கம்பெனின்னா மொதலாளிதான? அவரு மேல கேஸ் குடுக்கச் சொல்லுதீங்க. அத நேரா சொல்ல வேண்டியதுதான.”

கேஸ் இல்லை, கோரிக்கை என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே, தேங்காய் திருவிக்கொண்டிருந்த இன்னொரு பெண் குறுக்கே புகுந்தாள். “யக்கா, கோர்ட்டுக்குப் போனா நல்ல சேலயா உடுத்திட்டுப் போ. போட்டா புடிப்பாங்க.”

“ஏட்டி, நீ ஒன் சோலியப் பாரு. தேங்காய்ல நெகம் விழுந்துரப் போவுது.”

அக்காவின் பாக்கி சின்னதல்ல. அது சேர்ந்த விதத்தையும் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்து லாட்ஜ்களிலும் கடைகளிலும் ஒரு வழக்கம் உண்டு. சம்பளத்தை முழுதாகக் கையில் வாங்கமாட்டார்கள். வாராவாரம் வீட்டுச் செலவுக்கு மட்டும் வாங்கிக்கொண்டு, மிச்சத்தை ‘மொதலாளிகிட்ட கெடக்கட்டும்’ என்று விட்டுவைப்பார்கள். கையில் இருந்தால் கரைந்துவிடும், வீட்டுக்காரர் கேட்பார், தம்பி கேட்பான். கல்யாணமோ வீட்டு வேலையோ வரும்போது மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். அக்கா ஏறக்குறைய இரண்டு வருடமாக அப்படி விட்டுவைத்திருந்தார். ஆய்க்குடி வீட்டின் ஓட்டைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் போடுவதற்கான பணம் அது. மழைக்காலத்தில் வீட்டுக்குள் எட்டு இடத்தில் பாத்திரம் வைக்க வேண்டியிருக்கிறது என்று அவரே சொன்னார்.

அவருக்கு அது பத்திரமாக வைத்த பணம். சட்டத்துக்கு அது, நொடித்த கம்பெனி கொடுக்கவேண்டிய கடன்களில் ஒன்று. அதற்கு ரசீது இல்லை, கையெழுத்து இல்லை. கேட்காவிட்டால் பட்டியலில் வராது. பட்டியலில் வராத கடனுக்கு யாரும் பதில் சொல்லமாட்டார்கள்.

கடைசி நாளுக்கு முந்தின வியாழக்கிழமை மத்தியானம் வரை ஒரு படிவமும் வரவில்லை. மேடம் முன்னறையில் கோப்புகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்: “சப்ளையர் எல்லாரும் குடுத்துட்டாங்க சார். மெத்தை வித்தவர்கூடக் குடுத்துட்டார். இவங்க ஏழு பேர்தான் பாக்கி. நாள் கடந்து குடுத்தாலும் வாங்கப் பார்க்கலாம், ஆனா அப்புறம் ஒவ்வொண்ணுக்கும் ஏன் எதுக்குன்னு கேள்வி வரும். கையில ஒரு காகிதமும் இல்லாதவங்க கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வாங்க?”

“முதலாளியே வந்து சொன்னா எழுதுவாங்க” என்றேன்.

“அவர் இந்தப் பக்கமே வர்றதில்லையே.”

உண்மைதான். நிர்வாகம் கைமாறிய நாளிலிருந்து முதலாளி லாட்ஜுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. லாட்ஜுக்குப் பின்னாலேயே, ஒரு மதிலுக்கு அப்பால் அவர் வீடு. வளைகுடாவில் இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டு வந்து கட்டிய லாட்ஜ் அது. மேடம் கேட்ட காகிதங்களையெல்லாம் ஆள் மூலம் ஒழுங்காகக் கொடுத்தனுப்பினார். தான் மட்டும் வரவில்லை.

மாலை அஸர் தொழுகை முடிந்து அவர் வீடு திரும்பும் நேரம் பார்த்துப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் முதலில் அவருக்குப் புரியவில்லை.

“ஏன் எழுத மாட்டேங்குதாங்க?”

“உங்க மேல கேஸ் குடுக்க மாட்டோம்னு சொல்லுதாங்க.”

அவர் சிரித்தார். பிறகு சட்டையின் மேல் பித்தானைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். “எனக்கு மரியாத செய்யுதாங்களாம். செஞ்சு என்னையக் குழியில தள்ளுதாங்க” என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

மதிலில் இருந்த சின்னக் கதவு வழியாக நேரே சமையல்கட்டுக்குத்தான் போனார். அக்கா அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பதிமூன்று நாள் கழித்து வந்தவரிடம் கேட்கவேண்டியது எதையும் கேட்காமல், “சாயா போடட்டுமா மொதலாளி?” என்றார்.

“சாயா பெறவு. மொதல்ல அண்ணாச்சி குடுக்க தாள்ல எழுது.”

“நான் எழுத மாட்டேன்.”

“ஏம்மா, நான் மவுத்தாப் போனா, அடக்கம் பண்ணுததுக்கு முந்தி ஜனாஸாத் தொழுகைக்கு முன்னால என் மவன் எந்திரிச்சு நிப்பான். எங்க வாப்பா யாருக்காவது கடன் குடுக்கணும்னா எங்கிட்டச் சொல்லுங்க, நான் பொறுப்புன்னு கேப்பான். அப்பம் நீ வந்து சொல்லுவியா?”

“என்ன பேச்சு பேசுதீங்க சாயங்கால நேரத்துல. வாயக் கழுவுங்க மொதல்ல.”

“பொம்பளையாள அங்கன விடவும் மாட்டாங்க. அதான் இப்பமே சொல்லுதேன்.”

தேங்காய்க்காரப் பெண் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா அடுப்பைத் தணித்தார். கையைத் துடைத்துக்கொண்டு எனக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டார். “எழுதுங்க அண்ணாச்சி. ஆனா கோர்ட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன், ஆமா.”

அதற்குப் பிறகு நடந்த ஒரு மணி நேரத்தை என் பயிற்சிக் காலத்தின் மிக நல்ல நேரம் என்று நோட்டில் குறித்திருக்கிறேன். மாதம் மாதமாகப் போனோம். முதலாளியிடம் சட்டைப்பை அளவில் ஒரு நோட்டு இருந்தது, வாரச் செலவுக்குக் கொடுத்ததெல்லாம் அதில் இருந்தது. அக்காவிடம் தாள் எதுவும் கிடையாது, ஆனால் விசேஷங்களை வைத்து நாள் சொன்னார். பங்குனி உத்திரத்துக்கு இரண்டு நாள் வரவில்லை என்றார். முதலாளியின் நோட்டிலும் அந்த வாரம் குறைவாகத்தான் இருந்தது. அக்கா தன் மகனுக்குப் பெண்ணெடுத்த வீட்டுச் சாவுக்கு அச்சன்புதூர் போன நாள்கூட இரண்டிலும் ஒத்துப்போனது. தேதி பார்க்கிறவனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

“புரட்டாசி முழுசும் வந்தேன்” என்றார் அக்கா. “அடுத்து கார்த்திகை.”

“ஐப்பசி?” என்றேன்.

“ஐப்பசி மூடிக் கெடந்துச்சுல்லா. பழைய கட்டடத்துல தண்ணி எறங்கி.”

“மூடித்தான் கெடந்துச்சு” என்றார் முதலாளி. “ஆனா இவ வந்தா. ஒரு நாளு தப்பாம வந்தா. அதையும் எழுதுங்க.”

“நான் லாட்ஜுக்கா வந்தேன்? வீட்டுக்குத்தான வந்தேன்.”

பேனாவை வைத்துவிட்டு விசாரித்தேன். போன ஐப்பசியில் முதலாளியின் மனைவிக்குப் பக்கவாதம் வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்கவைத்திருந்தார்கள். அக்கா தினமும் காலையில் வந்து, லாட்ஜ் சமையல்கட்டில் கஞ்சி வைத்து, மதில் கதவு வழியாக எடுத்துப்போய் ஊட்டிவிட்டுச் சாயங்காலம் போவார். “மொதலாளி வீட்டு அக்காவுக்குக் கஞ்சி வச்சுக் குடுத்ததுக்குக் கூலியா? கேக்கவே அசிங்கமா இருக்கு” என்றார்.

இந்த இடத்தில்தான் நான் ஒரு தவறு செய்தேன். இருபத்தாறு வருடம் வாடிக்கையாளர்களுக்குச் சட்டம் விளக்கியே பழகிய நாக்கு. கேட்கவேண்டியதைக் கேட்பதற்கு முன்னால் விளக்கிவிட்டேன். “வீட்டு ஆளுக்காகச் சமைச்சிருந்தா அது கம்பெனி பாக்கியில சேராது. லாட்ஜ்ல வேலை பாத்தவங்களுக்கு, ரிப்பேர்க்காரங்களுக்கு, அப்படி யாருக்காவது சமைச்சிருந்தாத்தான் சேரும்.”

முதலாளி அடுப்பைத் திரும்பிப் பார்த்தார். “பெயிண்டர்மாரு இருந்தாங்க” என்றார். “எட்டு பேரு. மூணு வேளையும் இவதான் ஆக்கிப் போட்டா.”

“எந்தப் பெயிண்டரு? அவனுவ கடையிலல்லா தின்னுட்டு வந்தானுவ!”

“இவ மறந்துட்டா அண்ணாச்சி.”

“நானா மறந்தேன்? எட்டு ஆம்பளைக்கு ஒல வச்சவளுக்கு மறக்குமா?”

வகுப்பில் இதற்கு நேர்மாறாகத்தான் படித்திருந்தேன். கேட்பவர் கூட்டிச் சொல்வார், கொடுக்கவேண்டியவர் இல்லை என்பார். நடுவில் நின்று உண்மையைக் கண்டுபிடிப்பது நிபுணரின் வேலை. இங்கே கொடுக்கவேண்டியவர் இன்னும் ஒரு மாதம் உண்டு என்கிறார், வாங்கவேண்டியவர் இல்லவே இல்லை என்று சண்டை போடுகிறார். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

முதலாளியின் மனைவியிடம் கேட்கலாம் என்று மூன்று பேரும் வீட்டுக்குப் போனோம். அவர் தேறியிருந்தார், நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், ஒரு கை மட்டும் மெதுவாக நகர்ந்தது. கேள்வியைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கணவரை ஒரு முறை பார்த்தார், அக்காவை ஒரு முறை பார்த்தார்.

“எனக்கு அந்த மாசமே தெரியாது” என்றார். சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. “கஞ்சியில சீரகம் கூட. அது மட்டும் தெரியும்.”

“சீரகம் செமிக்கதுக்குப் போட்டேன், கொறையா சொல்லுதீங்க” என்று அக்கா அவர் மடியிலிருந்த கீரைக்கட்டை வாங்கித் தான் ஆயத் தொடங்கினார்.

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் கடுமையானது. “வேலையாள் பாக்கியைக் கூட்டிக் காட்டுறது பழைய இயக்குநர்கள் செய்ற வேலைதான் சார். பணம் வெளிய போகும், பின்னால பாதி அவங்களுக்கே திரும்பி வரும். நான் பார்த்திருக்கேன்.”

“இங்க வாங்குறவரே வேண்டாம்ங்கிறாரே?”

“அதான் எனக்கும் புரியலை.” என் நோட்டைத் தன் பக்கம் திருப்பி, “பெயிண்டர் விஷயத்தை அவர் சொன்னது, நீங்க விதியைச் சொல்றதுக்கு முன்னாலயா, பின்னாலயா?” என்றார்.

“பின்னாலதான்.”

“விதியைச் சொல்லிட்டா கேட்டீங்க?”

வகுப்பின் மூன்றாவது வாரத்தில், ‘கேள்வி முன்னால், விதி பின்னால்’ என்று எழுதி நானே இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறேன், தை 28 ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில். மேடத்திடம் அதைச் சொன்னபோது அவர் திட்டவில்லை. “எனக்கும் முதல் கேஸ்ல நடந்திருக்கு சார். இனிமே அவர் உண்மையைச் சொல்லியிருந்தாலும் நம்மால நம்ப முடியாது. அதுதான் கஷ்டம்” என்றார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு முன்பே ஏழு படிவங்களும் வந்துவிட்டன. அக்காவின் படிவத்தில் ஐப்பசி இல்லை. அதோடு முதலாளி தன் கையால் எழுதிய ஒரு கடிதத்தையும் கொண்டுவந்து கொடுத்தார். ஐப்பசிச் சம்பளமும் அக்காவுக்குச் சேரவேண்டியது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். மேடம் அதை இரண்டு தடவை படித்தார். “கேட்காததை என்னால ஒப்புக்கொள்ள முடியாதுங்க ஐயா” என்று மட்டும் சொல்லி, கடிதத்தைக் கோப்பில் சேர்த்துக்கொண்டார். முதலாளி வெளியே போகும்போது சமையல்கட்டுப் பக்கம் திரும்பி, “ஏம்மா, நேத்து சொன்ன சாயா” என்றார்.

அக்கா கேட்ட மற்ற மாதங்கள் முழுவதும் ஒப்புக்கொள்ளப்பட்டன. முதலாளியின் சின்ன நோட்டுதான் ஆதாரமாக நின்றது. மாசியில் லாட்ஜை எடுத்து நடத்த ஒருவர் கொண்டுவந்த திட்டம் நிறைவேறியபோது, வேலையாட்களுக்கு முதலில் கொடுத்தார்கள். அக்காவின் பணம் வந்து சேர்ந்தது. பங்குனி உத்திரம் கழிந்து கான்கிரீட் போட்டார்கள். நான் போய்ப் பார்த்தேன், முட்டுக்கால்களை இன்னும் பிரிக்கவில்லை. புது நிர்வாகத்திலும் அக்காதான் சமையல். முதலாளி இப்போது மதில் கதவு வழியாகச் சாயா குடிக்க மட்டும் வருகிறார். லாட்ஜ் அவருடையது இல்லை.

என் அறிக்கைக்கு நல்ல மதிப்பெண் வந்தது. ஐப்பசியைப் பற்றி மட்டும் அதில் ஒரு பத்தி தனியாக எழுதவேண்டியிருந்தது. அதற்காக என்னால் முடிந்ததைச் செய்தேன். லாட்ஜின் சமையல் எரிவாயுப் புத்தகத்தில் ஐப்பசி 9 அன்று ஒரு சிலிண்டர் இறங்கியிருக்கிறது, அடுத்தது கார்த்திகையில்தான். எட்டு ஆண்களுக்கு மூன்று வேளை என்றால் ஒரு சிலிண்டர் மாதம் முழுக்க வராது. ஒரு நோயாளிக்குக் கஞ்சி மட்டும் என்றால் அது மாதக்கணக்கில் தீராது. இருவர் சொன்னதற்கும் கணக்குப் பொருந்தவில்லை. பெயிண்ட் வேலையைக் குத்தகைக்கு எடுத்தவர் இப்போது கொல்லம் பக்கம் வேலை பார்ப்பதாகச் சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கொல்லம் சாலையில் புளியறை வரை போய், லாரிக்காரர்கள் சாப்பிடும் கடை ஒன்றில் விசாரித்தேன். வாரம் ஒருமுறை இந்த வழியாகப் போவார் என்றார்கள். என் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தேன். இதுவரை அழைப்பு வரவில்லை.

ஆகவே, அந்த ஐப்பசியில் பெயிண்டர்கள் எட்டு பேரும் அக்கா கையால் சாப்பிட்டார்களா, கடையில் சாப்பிட்டார்களா என்பது இதை எழுதும் இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.